புகை இல்லை, ஆவிதான்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கையில் சேலையோடு வருவார்கள், சேலை வாங்க வரமாட்டார்கள். மேட்சிங் சென்டர் என்றால் அதுதான். சேலையைக் கவுண்டரில் விரித்துப் போடுவார்கள். அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் எடுத்து அளந்து வெட்டிக் கொடுக்க வேண்டும். மதுரையில் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் இப்படிப்பட்ட கடைகள் நிறைய உண்டு. எங்களுடையது நாலு பேர் உள்ளே நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய அளவு.

என் வீட்டுக்காரர் பாண்டியராஜன் சேலையைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி அலமாரியிலிருந்து துணிக்கட்டை உருவுவார். சரியாக இருக்கும். எங்கள் தொழிலில் சிவப்பு என்று ஒரு கலர் கிடையாது. குங்குமம் உண்டு, ரத்தம் உண்டு, மிளகாய்ப்பழம், தக்காளி, செங்கல், அரக்கு எல்லாம் உண்டு. வெறுமனே சிவப்பு என்று கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால் இவருக்குக் கொஞ்சம் இளக்காரம்தான்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு நாள் வில்லாபுரத்திலிருந்து வரும் வாடிக்கைக்கார அம்மா ஒருவர் துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, நான் அரக்கு கேட்டேன். நீ காப்பித்தூளை வெட்டிக் குடுத்திருக்க."

"அக்கா, இது அரக்குதான். ஒங்க வீட்டு லைட்டை மாத்துங்க," என்றார் இவர்.

நான் துணியை வாங்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, காப்பிதான். அந்த அம்மாவுக்கு வேறு துணி வெட்டிக் கொடுத்து அனுப்பினேன். அன்று சாயங்காலம் வரைக்கும் இவர் என்னோடு பேசவில்லை. வாடிக்கையாளர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேனாம்.

அடுத்தடுத்து இன்னும் சிலர் வந்தார்கள். கடை டியூப் லைட்டை மாற்றினோம். சாயப்பட்டறைக்காரன் ஏமாற்றுகிறான் என்று திட்டினார். கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி போட்டும் அதே மங்கல்தான். நாற்பத்தைந்து வயதானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று தெருவே சொன்னது. ஒரு மத்தியானம் என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "சாந்தி, நேராப் பாத்தா ஒன் மூஞ்சியில மூக்கைக் காணோம்டி," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. மறுநாள் கடையைச் சாத்திவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கண் ஆஸ்பத்திரியில் பொறுமைதான் முதல் மருந்து. ஒரு அறையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள், பிறகு பெஞ்சு. இன்னொரு அறையில் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள், மறுபடியும் பெஞ்சு. எந்தக் கண்ணாடி போட்டும் இவருக்கு மேல் வரிசைக்குக் கீழே எழுத்து வரவில்லை. இது கண்ணாடியில் சரியாகிற விஷயமில்லை என்று, கண் நரம்பைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள்.

அவர் மேசையில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்துப் புட்டி இருந்தது. அதன் மூடியைக் கழற்றி இவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது என்ன கலர்?"

இவர் யோசிக்கவே இல்லை. "காப்பிங்க. கொஞ்சம் வெளுத்த காப்பி."

அது பளிச்சென்ற குங்குமச் சிவப்பு.

"என் மூக்கையே பாத்துட்டிருங்க," என்று சொல்லி டாக்டரம்மா மூடியை மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினார். "இப்ப?"

"இப்ப செங்கல். இன்னுங் கொஞ்சம் தள்ளுங்க. ஆங், இப்ப மிளகாய்ப்பழம்." சொல்லிவிட்டு இவரே பயந்துபோய்க் கேட்டார், "ஏங்க, மூடியை மாத்திட்டீங்களா?"

"இல்லைங்க. அதே மூடிதான்," என்றார் டாக்டரம்மா. பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே, "சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"எப்பவாச்சும்."

"எப்பவாச்சும்னா, தூங்குறப்ப மட்டும் பிடிக்க மாட்டாரு டாக்டர்," என்றேன் நான். டாக்டரம்மா சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு பரிசோதனை நடந்தது. பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சம் மினுக்கினால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். பார்வை எங்கெங்கே இருக்கிறது, எங்கெங்கே இல்லை என்று அது படம் போட்டுக் காட்டிவிடும். இவர் பெயிலாகிவிடுவோமோ என்று பயந்து தெரியாததற்கெல்லாம் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். மெஷினைப் பார்த்துக்கொண்ட பெண் கடைசியில் பொறுக்க மாட்டாமல், "அண்ணே, இது பரீட்சை இல்லைண்ணே. தெரியாட்டி சும்மா இருங்க. நீங்க பாஸாயிட்டா எங்களுக்கு நோவு தெரியாது," என்றாள். முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். வந்த படத்தில் இரண்டு கண்ணுக்கும் நட்ட நடுவில் கறுப்பாக ஒரு திட்டு. ஓரமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

மூளையில் கட்டி ஏதாவது நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும், வார்டில் சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். கட்டி என்ற சொல்லுக்குப் பிறகு டாக்டரம்மா சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. இவர் கட்டிலிலும் நான் கட்டிலுக்குக் கீழே பாயிலுமாக வார்டில் கிடந்தோம். ஸ்கேன் மெஷினுக்குள் இவரைத் தள்ளிக் கதவைச் சாத்தியபோது, உள்ளேயிருந்து சுத்தியலால் அடிப்பது போல் சத்தம் வந்தது. வெளியே உட்கார்ந்து இவரோடு போட்ட எல்லாச் சண்டையையும் நினைத்து அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எதுவும் கேட்காமல் முந்தானையை எடுத்து என் மூக்கைத் துடைத்துவிட்டார். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியது என் தம்பி முருகேசன்தான். செல்போன் கவர், சார்ஜர் விற்கும் கடையில் வேலை பார்க்கிறான், கோச்சடையில் வீடு. வேலை முடிந்ததும் அங்கிருந்து தூக்குவாளியோடு வந்துவிடுவான். இவருக்குத் தட்டின் நடுவில் இருப்பது தெரியாது என்பதால், மீன் துண்டை எடுத்து முள்ளையெல்லாம் நோண்டிப் போட்டுவிட்டுத்தான் சோற்றில் வைப்பான். "சாப்புடுங்க மச்சான், முள்ளு இல்ல," என்பான். "மாப்ள, ஒங்கக்கா ஒரு நாளாச்சும் எனக்கு இப்பிடி முள்ளெடுத்திருக்காளா கேளு," என்பார் இவர். எனக்குக் கோபம் வராது. என் தம்பியை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது.

கட்டி இல்லை என்று ஸ்கேன் சொன்னது. ரத்தத்தில் பி12 சத்து ரொம்பக் குறைவு என்று தெரிந்தது. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து நிதானமாக விளக்கினார். இவர் கண்ணைப் பற்றிக் கேட்கிற எல்லாருக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

"ஒங்க கண்ணு நல்லா இருக்கு. கண்ணுல விழுறதை மூளைக்குக் கொண்டு போற நரம்புதான் கெட்டிருக்கு. சிகரெட் புகையில சயனைடுங்கிற விஷம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகுது. ஒழுங்காச் சாப்பிட்டு, ஒடம்புல பி12 இருந்தா, ஒடம்பு அதைக் கழுவித் தள்ளிரும். நீங்க மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க?"

இவர் என்னைப் பார்த்தார். மத்தியானம்தான் கடையில் கூட்டம். நான் கட்டிக் கொடுக்கும் சாப்பாடு பாதி நாள் திரும்பி வரும். டீயும் சிகரெட்டும்தான் இவருக்கு மத்தியானச் சாப்பாடு.

"அதான். விஷம் உள்ளேயே தங்கிருச்சு. மொதல்ல அடிபடுறது நடுப் பார்வையும் செவப்பு பச்சையும்தான். வலி இருக்காது, அதனால யாரும் சீக்கிரம் வர்றதில்லை. சிகரெட் பிடிக்கிறவங்களுக்குக் கண்புரை சீக்கிரம் வரும், விழித்திரை தேயும், எல்லாம் ஒரு பக்கம் இருக்கு. ஒங்களுக்கு நரம்புல வந்திருக்கு. ஊசி போடுறேன், மாத்திரை தாரேன். புகையை அடியோட விடணும். விட்டா பார்வை திரும்ப வர வாய்ப்பு இருக்கு. நரம்பு ஒரேயடியாக் காய்ஞ்சிட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

வீட்டுக்கு வந்தோம். சிகரெட்டை விட்டார், அதில் பொய் இல்லை. ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. சட்டினியில் உப்பு என்று கத்துவார், ஃபேன் சத்தம் என்று கத்துவார். கடையில் நான்தான் துணி எடுத்துக் கொடுத்தேன், இவர் அளந்து வெட்டினார். சும்மா நிற்கிற கை நடுங்குவதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். பிறகு திடீரென்று அந்தக் கோபமெல்லாம் அடங்கிவிட்டது. கடைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வரும்போது இவர் மேல் மாம்பழ வாசனை அடிக்கும். தொண்டைக்கு மிட்டாய் சப்புகிறார் என்று நினைத்தேன். மாம்பழ மிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கி வேறு வைத்தேன்.

முதல் முறை செக்கப்புக்குப் போனபோது எழுத்துப் பலகையில் இன்னும் ஒரு வரிசை படித்தார். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். அடுத்த முறை அதே வரிசையில் நின்றது. அதற்கடுத்த முறையும் அதேதான். மூடியைக் காட்டினால் காப்பியும் செங்கலும்தான். அதோடு கண் இரண்டும் சிவந்து, மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று கசக்கிக்கொண்டே இருந்தார்.

"புகை பிடிக்கிறீங்களா?" என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டார்.

"இல்லைங்க. தொட்டே மாசக்கணக்கா ஆச்சு," என்றார் இவர்.

"மீனாட்சி மேல சத்தியமா இல்ல டாக்டர், நான் பாக்குறேன்ல," என்றேன் நான்.

டாக்டரம்மா யோசித்தார். ரத்தத்தில் பி12 ஏறியிருக்கிறது, சிகரெட்டும் இல்லை, பிறகு ஏன் நரம்பு நகரவில்லை? வேறு நோய் ஏதாவது மறைந்திருக்கலாம் என்றார். முதுகெலும்பு இடுக்கில் ஊசியை விட்டு அங்கே இருக்கும் நீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். மறுபடியும் வார்டு, மறுபடியும் பாய். நகைச்சீட்டை ஸ்கேனுக்கே உடைத்தாகிவிட்டது, ஆனால் அது அப்போது பெரிதாகத் தெரியவில்லை. இவருக்குக் கண் போய்விடும், நான்தான் இனிமேல் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும் என்று மனதுக்குள் பாதி முடிவுக்கே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். ஊசி போடும்போது அசையாமல் படுத்திருக்க வேண்டுமே என்று டாக்டரம்மாவுக்குக் கவலை. கண்ணும் சிவந்திருக்கிறது, சளி ஏதாவது இருக்குமோ என்று நினைத்து, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"என்ன இப்படி இருமுறீங்க? ஆவி பிடிக்கிறீங்களா?"

இவர் இருமல் நின்றுவிட்டது. முகம் வெளுத்துப் போய் என்னைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"டாக்டர், ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? மச்சினன்தாங்க வாங்கிக் குடுத்தான். ஆனா இது புகை இல்லைங்க, ஆவிதான்."

டாக்டரம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். சளிக்கு வெந்நீரில் நொச்சி போட்டுப் போர்வையை மூடிக்கொண்டு பிடிப்போமே, அதைத்தானே கேட்டார், இதில் தம்பி எங்கே வந்தான்? இவர் தலையணை உறைக்குள் கையை விட்டு, ஹைலைட்டர் பேனா மாதிரி பளபளப்பான ஒரு சாமானை எடுத்து டாக்டரம்மா கையில் வைத்தார். அந்த மாம்பழ வாசனை கட்டிலைச் சுற்றி வந்தது.

அது மின் சிகரெட். இந்தியாவில் விற்கவே கூடாது என்று தடை செய்யப்பட்ட சாமான். முருகேசன் தன் கடைப்பக்கம் யாரோ தெரிந்தவர் மூலம் வாங்கியிருக்கிறான். "மச்சான், டாக்டர் புகையைத்தான விடச் சொன்னாங்க? இதுல நெருப்பே இல்ல, சாம்பல் இல்ல. சளிக்கு ஆவி பிடிக்கிறோம்ல, அது மாதிரிதான்," என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். முள் எடுத்துப் போட்ட அதே கையால்தான் கொடுத்திருக்கிறான். மச்சான் படும் பாடு பொறுக்காமல் கொடுத்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இவரும் அதை அப்படியே நம்பினார். டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் 'புகை பிடிக்கிறீங்களா' என்றுதான் கேட்டார். ஆவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பிறகு ஏன் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தீர்கள் என்று நான் கேட்டபோது மட்டும் இவர் தலையணையைத் தட்டிச் சரி செய்ய ஆரம்பித்தார்.

டாக்டரம்மா கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை.

"தண்ணியைக் கொதிக்க வைச்சா வர்றதுதாங்க ஆவி. இதுல இருக்கிறது ரசாயனத் திரவம். கம்பியைச் சூடாக்கி அதைப் பொசுக்கி உள்ள இழுக்குறீங்க. சிகரெட்டுல இருக்கிற அதே நிக்கோட்டின் இதுலயும் இருக்கு. அது ரத்தக்குழாயைச் சுருக்கும். ஏற்கனவே அரைப் பட்டினியா இருக்கிற நரம்புக்கு வர்ற ரத்தமும் குறைஞ்சா அது எப்படிப் பொழைக்கும்? கண்ணு காய்ஞ்சு உறுத்துறதும் இந்த ஆவி படுறதாலதான் இருக்கும். திருட்டுத்தனமா விக்கிற சாமான், உள்ள வேற என்ன கலந்திருக்குன்னு எனக்கும் தெரியாது, வித்தவனுக்கும் தெரியாது."

"அப்ப இதாலதான் பார்வை நின்னுபோச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அடிச்சுச் சொல்ல மாட்டேன்மா. சிகரெட் இந்த நரம்பை என்ன பண்ணும்னு ரொம்ப நாளாத் தெரியும். இது புதுசு, அம்புட்டு தூரம் இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. ஆனா இவருக்கு மிச்சமிருக்கிற நரம்பை வைச்சு நான் சோதிச்சுப் பாக்க முடியாது." முதுகில் போடும் ஊசியைத் தள்ளி வைத்தார். இதை அறவே விட்டுவிட்டு வாருங்கள், அப்புறமும் நகரவில்லை என்றால் போடலாம் என்றார்.

டாக்டரம்மா போனதும் நான் இவரைத் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். மீனாட்சி பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்ய வைத்துவிட்டாரே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. சாயங்காலம் முருகேசன் தூக்குவாளியோடு வந்தான். விஷயத்தைச் சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் குத்த வைத்து உட்கார்ந்தான்.

"அக்கா, நல்லதுன்னு நெனச்சுத்தாங்க்கா குடுத்தேன். நானும் இதத்தான் பிடிக்கிறேன்."

அவன் பையைத் துழாவி எடுத்தேன், இன்னொன்று இருந்தது. திராட்சை வாசனை. இரண்டையும் கொண்டுபோய் டாக்டரம்மாவிடமே கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் அவனையும் இழுத்துப் போய்க் கண்ணைக் காட்டினேன். கண் வறட்சி இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். தங்கள் ஆஸ்பத்திரியிலேயே புகையை விட உதவி செய்கிறவரிடம் மச்சானையும் மச்சினனையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். இவர் வாயில் மெல்லுவதற்கு ஏலக்காய் வைத்துக்கொண்டார். கை நடுக்கம் வந்தால் கடையில் துணிக்கட்டுகளை இறக்கி மறுபடி அடுக்குவார். அந்த நாட்களில் எங்கள் அலமாரி மாதிரி ஒழுங்கான அலமாரி மதுரையிலேயே இருந்திருக்காது.

உறுத்தல் சீக்கிரமே போய்விட்டது. பார்வை அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. ஆனால் வந்தது. அடுத்தடுத்த செக்கப்பில் ஒரு வரிசை, இன்னொரு வரிசை என்று பலகையில் கீழே இறங்கினார். பேப்பர் படிக்க முடிந்தது. தெருவில் எதிரே வருகிறவரை அடையாளம் கண்டு, அவர் பேசும் முன்பே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிண்ண மெஷின் படத்தில் நடுவில் இருந்த கறுப்பு, சாம்பலாகிச் சுருங்கியிருந்தது. டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"இவ்வளவு வந்ததே பெரிசு. இனிமே பெரிசா வராது. வந்ததைக் காப்பாத்திக்குங்க. கலர் எப்படி இருக்கு?"

"செவப்பு வந்திருச்சு டாக்டர். செவப்புக்குள்ள இருக்கிறதுதான் வரல," என்றார் இவர். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும் வரைக்கும் என் பக்கம் திரும்பவில்லை. அழுகிறார் என்று தெரிந்ததால் நானும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடையில் யாருக்கும் சொல்லவில்லை. கலர் பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இவர் அளப்பது, வெட்டுவது, காசு வாங்குவது என்று நகர்ந்துகொண்டார். இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

சென்ற வாரம் வண்டியூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். மகளுக்கு வளைகாப்பு. சேலையை என்னிடம் தராமல் நேராக இவர் முன்னால் விரித்தாள். "அண்ணே, நீங்களே எடுத்துக் குடுங்க. எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நீங்கதான எடுத்தீங்க," என்றாள்.

இவர் சேலையைத் தடவிப் பார்த்தார். கை பின்னால் போய் ஒரு கட்டை உருவியது, பிறகு இன்னொன்றை. ஒன்று செங்கல், இன்னொன்று வெங்காயத்தோல். இரண்டையும் சேலை மேல் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்பது எனக்குத் தெரிந்தது. நான் கண்ஜாடை காட்டலாம் என்று நினைப்பதற்குள் நிமிர்ந்தார்.

"தாயி, எனக்குக் கண்ணுல கொஞ்சம் கொறை இருக்கு. சிகரெட்டால வந்தது. இனி கலரெல்லாம் இவதான்." என்னைப் பார்த்து, "சாந்தி, எது?" என்றார்.

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் சேலையையும் இரண்டு கட்டுகளையும் தூக்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கி, தெருவில் வெயில் விழுகிற இடத்துக்குப் போனேன். நன்றாகப் பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் எதைச் சொன்னாலும் அவர் அதை நம்புவார். திரும்பி வந்து வெங்காயத்தோலை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அளந்து, கத்தரியை எடுத்து வெட்டினார்.